கோடு போட்டவர் ஓ.பி. அடித்தால்: டிஸ்க் கோல்ஃப் எல்லைத் தகராறுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓ.பி. என்றால் நமக்கு வேலை நேரத்தில் டீக்கடையில் நிற்பது. டிஸ்க் கோல்ஃபில் ஓ.பி. என்றால் எல்லைக்கு வெளியே. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன், காங்கேயம் பக்கம் பெரியப்பாவின் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) ஒன்பது கூடை நட்டு ஒரு பந்தயம் வைக்கிற வரைக்கும். அன்றைக்கு வந்த தகராறில் பாதிக்கு மேல், முந்தின நாள் சாயங்காலம் கயிறு கட்டின ஆள் ஓ.பி. அடித்ததால் வந்தது. கயிறு கட்டின ஆள் நான்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. சுமார் 21 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டை வீசி, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழ வைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயித்தார். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே பி.டி.ஜி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கம் வந்தது. விதிகளை எழுதுவது அந்தச் சங்கம். எங்கள் கூடைகள் சைக்கிள் ரிம்மும் மாட்டுச் சங்கிலியும்.

இந்த ஆட்டத்தில் விசில் ஊதும் நடுவர் கிடையாது. பெரிய பந்தயங்களில்கூடப் பெரும்பாலான தீர்ப்பைச் சொல்வது சேர்ந்து ஆடும் மூன்று நான்கு பேர்தான். அதிகாரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர் பேச்சு குழுவின் பேச்சுக்கு மேல். குழு பாதிக்குப் பாதி பிரிந்து நின்றால், வீசியவருக்குச் சாதகமான பக்கம் தீர்ப்பு போகும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் கோடுதான் நடுவர். கோடு தெளிவாக இல்லாவிட்டால் பேச்சு தடிக்கும்.

முதல் தவறு வாலிபால் பழக்கம். என் மாப்பிள்ளை, தங்கச்சி வீட்டுக்காரர், ஊர் வாலிபால் டீமில் பத்து வருசம் ஆடினவர். மூன்றாவது கூடையில் அவர் தட்டு கயிற்றுக்கு அக்கட்ட (அந்தப் பக்கம்) கிடந்தது, விளிம்பு மட்டும் கயிற்றைத் தொட்டுக்கொண்டு. "கோட்டைத் தொட்டிருக்குதுங் மச்சான், உள்ளதான்" என்றார். வாலிபாலில் சரி. இங்கே கோடே வெளியைச் சேர்ந்தது. வரப்பு யாருடையது என்று தெரியாமல் பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசப் போகிற மாதிரிதான் இது, வரப்பு அவருடையது. கோட்டை மட்டும் தொட்டால் அது வெளியைத் தொட்டதாகத்தான் கணக்கு.

ஆனால் விதியின் இன்னொரு பாதியை மறந்துவிடுகிறார்கள். தட்டு முழுக்க முழுக்க, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெளியே இருந்தால்தான் ஓ.பி. கோட்டைத் தாண்டி இக்கட்ட நூலளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளே. புல் மேல் சாய்ந்து நிற்கும் தட்டைப் பக்கவாட்டிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குனிந்து, கயிற்றின் உள் விளிம்புக்கு நேர் மேலே கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் பேச்சே வராது.

அதற்குள் மாப்பிள்ளை தட்டைக் கையில் எடுத்துவிட்டார். உள்ளே வெளியே என்று சந்தேகம் இருக்கும்போது, குழுவோ அதிகாரியோ முடிவு சொல்வதற்கு முன் வீசியவரே தட்டை நகர்த்தினால் அது ஓ.பி. ஆகிவிடும். வேறு ஒருவர் நகர்த்தினால் உள்ளே என்று ஆகிவிடும். ஆர்வக்கோளாறில் அடுத்தவர் தட்டை எடுத்துக் கொடுக்கிற நல்ல மனசுக்காரர்கள் இதை மனப்பாடம் செய்வது நல்லது. எதிராளிக்கு ஒரு வீச்சைத் தானமாகக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

அடுத்தது, ஓ.பி. ஆன பிறகு எங்கிருந்து வீசுவது என்பது. எங்கள் ஊரில் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தால் வேட்டியையே பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். தட்டு கயிற்றைத் தாண்டி இட்டேரிக்குள் (ரெண்டு வேலிக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) போகும், அங்கிருந்து காற்று இன்னும் முப்பது அடி தள்ளிக்கொண்டு போய்ப் போடும். எல்லோரும் தட்டு கிடக்கிற இடத்துக்கு ஓடி, அதற்கு நேரே உள்பக்கம் குறி வைக்கிறார்கள். தப்பு. தட்டு கடைசியாக எந்த இடத்தில் உள்ளே இருந்ததோ, அதாவது எங்கே கோட்டைக் கடந்து போனதோ, அங்கே திரும்பி வர வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு மீட்டர் வரை உள்ளே தள்ளிக்கொள்ளலாம். இல்லை, முன்பு வீசிய இடத்துக்கே போகலாம். பந்தயத்தை நடத்துகிற டைரக்டர் தனியாக ஒரு இடம் குறித்து வைத்திருந்தால் அங்கேயும் போகலாம். எது எடுத்தாலும் அபராதம் ஒரு வீச்சு: முதல் வீச்சு ஓ.பி. என்றால் அடுத்து வீசுவது மூன்றாவது. ஒரு மீட்டரைக் காலால் எட்டி வைத்து அளக்காதீர்கள், நெட்டைக்காரர்களுக்கு எப்போதும் மீட்டர் பெரியது. அளவாக வெட்டிய குச்சி ஒன்று போதும். வீசும்போது ஒரு கால்கூட வெளியே ஊன்றக் கூடாது என்பதும் சேர்த்தி.

இதற்கு நேர் எதிரான சண்டையும் நடந்தது. தட்டு வேலிக்கு மேலே வெளியே பறந்துபோய், காற்றுக்குத் திரும்பி உள்ளே வந்து விழுந்தது. "வெளிய போயிட்டு வந்துச்சுங்க, பாத்தனுங்க" என்று ஒருவர் சத்தியம் செய்தார். செய்யலாம். எங்கே பறந்தது என்பது கணக்கில்லை, எங்கே நின்றது என்பதுதான் கணக்கு.

இனி என் பாவக் கணக்கு.

பெரியப்பா கொறங்காட்டுக்கு ஓரமாகத் தீவனச் சோளம் கொஞ்சம் போட்டிருந்தார். யாரும் உள்ளே காலை வைக்கக் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. நான் தாளில் 'சோளக்காடு: ஹஸார்ட்' என்று எழுதினேன். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஹஸார்ட் என்றால், ஒரு வீச்சு அபராதம் வாங்கிக்கொண்டு தட்டு கிடக்கிற அதே இடத்திலிருந்து ஆட வேண்டும். விதி தெரிந்த ஒரு பையன் அபராதத்தைச் சொல்லிவிட்டு, சோளத்துக்கு நடுவே நின்று, ரெண்டு சோளத்தண்டை ஒடித்துக்கொண்டு கையைச் சுழற்றினான். "காட்டுக்குள்ள நின்னு என்னடா கண்ணு வீசறே?" என்று பெரியப்பா சாளையிலிருந்து (காட்டு வீடு) போட்ட சத்தம் ஏழாவது கூடை வரை கேட்டது. பையன் மேல் குற்றமே இல்லை. உள்ளே நின்று ஆடக் கூடாத இடம் என்றால் அது ஓ.பி. அபராதமே வேண்டாம், வெளியே வந்து ஆடிக்கொள்ளட்டும் என்றால் அதற்கு அபராதமில்லாத விலக்கு இடம் என்று தனி வகை இருக்கிறது. மூன்றையும் குழப்பி எழுதினால் சோளம் போகும்.

ஐந்தாவது கூடை பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) கிளை வாய்க்கால் ஓரம். அங்கே தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். கயிறு கட்டினபோது வாய்க்கால் காய்ந்து கிடந்தது; 'வாய்க்காலில் விழுந்தால் ஓ.பி.' என்று எழுதிவிட்டேன். பந்தயத்தன்று காலையில் அரையடித் தண்ணீர், மத்தியானம் முழங்கால் அளவு. காலையில் கரைச்சரிவில் நின்ற தட்டுக்கு "தண்ணி இல்லீல்ல, உள்ளதான்" என்று தீர்ப்பு. மத்தியானம் அதே இடம் தண்ணீருக்குள். ஒரே பந்தயம், ஒரே கூடை, ரெண்டு எல்லை. குளமோ வாய்க்காலோ, ஏறி இறங்கும் தண்ணீரை எல்லையாக வைக்கவே வைக்காதீர்கள். கரை மேட்டில் முளைக்குச்சி அடித்து, தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு அக்கட்ட ஓ.பி. என்று எழுதுங்கள். மிதந்த தட்டு ஒன்று மதகு வரை போனதையும் சொல்ல வேண்டும். அது நின்ற இடம் மதகு அல்ல. தண்ணீர் மட்டுமே நகர்த்திக்கொண்டு போகும் தட்டு, ஏற்கனவே நின்றுவிட்டதாகத்தான் விதி எடுத்துக்கொள்கிறது.

கிளுவை வேலி இதைவிடச் சிக்கல். 'வேலி ஓ.பி.' என்றால் எந்த வேலி? இலை தொடங்குகிற இடமா, தண்டு நட்ட வரிசையா? நடுவில் ஒரு ஆள் அகலம் முள். தட்டு ஒன்று நெஞ்சுயரத்தில் கிளுவையில் சிக்கி நின்றது. மேலே சிக்கிய தட்டுக்கு அதன் நேர்கீழே உள்ள தரைதான் இடம், அது வரைக்கும் குழு ஒத்துக்கொண்டது. அந்தத் தரை யாருடையது என்பதில்தான் இருபது நிமிசம் போனது. வேலிக்கு முன்னால் அரை மீட்டர் விட்டு ஒரு கயிறு இழுத்திருந்தால் இருபது நொடி வேலை. வெள்வேலாமரத்தில் உயரமாக மாட்டின தட்டுக்கும் சிலர் அபராதம் போடச் சொன்னார்கள். ரெண்டு மீட்டருக்கு மேல் சிக்கினால் அபராதம் என்ற விதி, டைரக்டர் முன்கூட்டியே அறிவித்தால் மட்டும்தான் செல்லும். நான் அறிவிக்கவில்லை.

கயிறு. பொள்ளாச்சித் தென்னங்கயிறு மலிவு, கெட்டி, எங்கேயும் கிடைக்கும் என்று அதையே வாங்கினேன். காய்ந்த கொழுக்கட்டைப்புல்லின் மேல் அதைப் போட்டுப் பாருங்கள்: பத்தடியில் கயிறே இல்லை. அமெரிக்காவில் ராக் ஹில் என்ற ஊரில் வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் 1999 முதல் அந்த நாட்டு டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடக்கிறது. அங்கே பச்சைப் புல்லில் மஞ்சள் கயிறு. பதினேழாவது கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தீவு மாதிரி ஆக்கியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போதே எது உள்ளே, எது வெளியே என்று தெரிகிறது. திறந்த வெளியில் கயிறு இழுத்து ஆட்டத்தைக் கஷ்டமாக்குவது சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்கள் உண்டு, நானும் பாதி அந்தக் கட்சி. மரம் நிற்கிற கொறங்காட்டில் கயிறு குறைவாக இருந்தால்தான் அழகு. ஆனால் போட்டால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட வேண்டும்.

போட்டது போட்ட இடத்திலும் இருக்க வேண்டும். பெரியப்பாவின் செம்மறிகள் விடிகாலையில் ரெண்டு குச்சியைச் சாய்த்துவிட்டன. கயிறு ஒரு வளைவாக உள்ளே வந்துவிட்டது. முதல் குழு பழைய கோட்டை நினைவில் வைத்து ஆடியது, மூன்றாவது குழு கிடந்த கோட்டை வைத்து ஆடியது. எது சரி என்று கேட்டால் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

எது ஓ.பி. என்று வகுப்பது டைரக்டரின் வேலை; ஆடுகிற குழுவுக்கு அந்த உரிமை கிடையாது. "போன வாட்டி இட்டேரி ஓ.பி. தானுங்க" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை, இந்த வாட்டி எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தொழில்முறைப் பந்தயங்களில் கூடைக்கு ஒரு பக்கமாக, எந்தப் பாதை, எந்தக் கயிறு, எங்கிருந்து மறுவீச்சு என்று எழுதி 'கேடி புக்' என்ற மைதானக் கையேட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். நாங்கள் இப்போது செய்வது எளிது: கயிறு கட்டின ஆள் ஒருவர், அதைக் கட்டாத இன்னொருவர், ரெண்டு பேரும் சாயங்காலம் ஒன்பது கூடையையும் நடந்து பார்க்கிறோம். கட்டாதவர்தான் கேள்வி கேட்பார். குச்சிக்குக் குச்சி போனில் படம். தாளின் கீழே ரெண்டு பேர் பெயரும். கையெழுத்துப் போட வேண்டும் என்றதுமே ஆட்கள் எப்படிக் கவனமாக நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கிணறு. எட்டாவது கூடைக்கு வலப்பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு. ஒரு தட்டு அந்தப் பக்கம் போய் மறைந்தது. தட்டைக் காணவில்லை என்றால் மூன்று நிமிசம் தேடலாம்; கிடைக்காவிட்டால் அபராதத்தோடு பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அது ஓ.பி.-யில் விழுந்தது என்று சொல்ல வலுவான ஆதாரம் வேண்டும், வெறும் ஊகம் செல்லாது. இங்கே ரெண்டு பேருக்குத் 'தொபுக்'கென்று சத்தம் கேட்டிருந்தது, அதுவே ஆதாரம். ஆகவே ஓ.பி., ஆகவே கடைசியாக உள்ளே இருந்த புள்ளி, ஆகவே ஒரு மீட்டர். விதிப்படி எல்லாம் சரி. அந்தப் புள்ளி கிணற்று விளிம்பு. மீட்டர் குச்சியை வைத்துக்கொண்டு ஒரு காலேஜ் பையன் அங்கே நின்றபோதுதான் எனக்கு வியர்த்தது.

ஆட்டத்தை நிறுத்தி, எட்டாவதில் கிணற்றுப் பக்கம் போனால் மறுவீச்சு குறித்த இடத்திலிருந்து மட்டும்தான் என்று மாற்றினேன். பாதி ஆட்டத்தில் விதியை மாற்றியதற்கு ரெண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், கோபம் நியாயம்தான். இப்போது அங்கே வேலாமரத்தடியில் வெள்ளையடித்த கல் ஒன்று கிடக்கிறது, கிணற்றுக்கு நாற்பது அடி இக்கட்ட.