டீசர் ஏபிஐ வழியாக ஒரு பிளேலிஸ்ட்டை முழுமையாக எடுப்பது எப்படி

2007இல் பாரிசில் தொடங்கப்பட்ட டீசர் இசைச் சேவையின் ஏபிஐயில் (நிரல்கள் சேவையிடம் தரவு கேட்டுப் பெறும் வழி), பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்ட பிளேலிஸ்ட்டைப் படிக்கக் கணக்கோ டோக்கனோ (அனுமதிச் சாவி) தேவையில்லை. ஏபிஐ பழகத் தொடங்குபவர் அனுமதிச் சிக்கல்களில் மாட்டாமல் நேரடியாகத் தரவுக்கு வந்துவிடலாம்.

முதலில் பிளேலிஸ்ட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் அதன் பக்கத்தைத் திறந்தால், முகவரியில் 'பிளேலிஸ்ட்' என்ற சொல்லுக்குப் பின் வரும் இலக்கங்களே அந்த எண். செயலியிலிருந்து பகிரும் சுருக்க இணைப்பில் அது தெரியாது. இணைப்பைத் திறந்து, முழு முகவரி வந்தபின் பாருங்கள்.

ஏபிஐ முகவரியுடன் (api.deezer.com) 'பிளேலிஸ்ட்', எண், 'டிராக்ஸ்' ஆகியவற்றைச் சாய்கோடுகளால் இணைத்து கெட் கோரிக்கை (தரவைக் கேட்டுப் பெறும் வலைக் கோரிக்கை) அனுப்பினால், தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் ஜேசன் வடிவில் பதில் வரும். 'டேட்டா' என்ற பட்டியலில் ஒவ்வொரு பாடலின் தலைப்பு, கலைஞர், ஆல்பம், நொடிக்கணக்கில் நீளம் ஆகியவை இருக்கும். பலர் இத்துடன் வேலை முடிந்ததென்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் முதல் 25 பாடல்களே வரும். ஒரு கோரிக்கைக்கு எத்தனை பாடல்கள் என்று சொல்லும் 'லிமிட்' அளவுருவை 100 என வைத்தால், 230 பாடல்கள் உள்ள பட்டியலை, எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று சொல்லும் 'இண்டெக்ஸ்' 0, 100, 200 என மூன்று கோரிக்கைகளில் எடுத்துவிடலாம். இண்டெக்ஸை நாமே கூட்டிக்கொண்டு போவதைவிட, பதிலின் 'நெக்ஸ்ட்' புலத்தில் வரும் முகவரியையே அடுத்த கோரிக்கையாக அனுப்பி, அந்தப் புலம் இல்லாத பதில் வந்ததும் சுழற்சியை நிறுத்துவது பாதுகாப்பானது.

பிழையைக் கண்டறிவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இல்லாத எண்ணைக் கேட்டாலும் டீசர் 200 என்ற வெற்றிக் குறியீட்டையே அனுப்பிவிட்டு, உள்ளே 'எரர்' என்ற பகுதியில் 800 என்று எழுதி வைத்திருக்கும். குறியீட்டை மட்டும் பார்க்கும் நிரல், காலியான கோப்பை எழுதிவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும். (நானும் ஒரு மாலை முழுவதும் அப்படிப்பட்ட காலிக் கோப்பைத்தான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.) ஆகவே பதில் வந்தவுடன் முதலில் 'எரர்' இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே 4 வந்தால், 5 நொடிக்கு 50 கோரிக்கைகள் என்ற வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்; சில நொடிகள் பொறுத்து மீண்டும் அனுப்பினால் போதும்.

பைத்தானில் சிஎஸ்வி (காற்புள்ளிகளால் பிரித்த அட்டவணை) கோப்பாகச் சேமிக்கும்போது குறியாக்கத்தை (எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை) 'யூடிஎஃப்-8-சிக்' எனக் கொடுங்கள். வெறும் யூடிஎஃப்-8 கொடுத்தால், தமிழில் உள்ள தலைப்புகள் எக்செல்லில் புரியாத குறிகளாகத் தெரியக்கூடும்.