தோற்கிற சீசனில் சாஃப்ட்பால் டீமை நாமே கெடுப்பது எப்படி

வரிசையாக மூன்று நான்கு மேட்ச் போனதும், பள்ளி டீமுக்குப் பயிற்சி கொடுக்கிற நம்மில் பாதிப்பேர் செய்வது ஒன்றுதான். காலை ஆறு மணிக்கு வரச் சொல்வது, சாயங்காலம் இருட்டும்வரை விடாமல் வைத்திருப்பது, பந்தை விட்டவளுக்குப் பத்து ரவுண்டு. தர்மபுரி பக்கத்துப் பள்ளிகளில் இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். பென்னாகரம், பாப்பாரப்பட்டி பக்கம் உள்கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு ஒரு பஸ் தவறினால் அடுத்த பஸ் எப்போது என்று சொல்ல முடியாது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, அதனால் ஒன்பதாவது படிக்கிறவள் பல நாள் வெறும் டீயோடுதான் கிளம்பி வருகிறாள். அவளை அந்த வயிற்றோடு ஓடவிட்டால் ஆட்டம் ஒன்றும் ஏறாது, அடுத்த வாரம் வயிற்றுவலி என்று லீவு லெட்டர்தான் வரும். தண்ணீரையும் கவனியுங்கள். மைதானத்து போர் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த கதை. ஒகேனக்கல் தண்ணீர் வருகிற குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

நேரத்தைக் கூட்டுவதைவிட, ரன் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். தோற்ற மேட்ச் ஸ்கோர் ஷீட்டை எடுத்து, எதிர் டீம் எடுத்த ஒவ்வொரு ரன்னுக்கும் பக்கத்தில் அது எப்படி வந்தது என்று குறித்துப் பாருங்கள்: அடித்து வந்ததா, அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே நான்கு பந்து (அதைத்தான் ‘பால்’ என்பார்கள்) வீசி பேட்டரை நாமே சும்மா முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்துக்கு, அனுப்பியதா, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கேட்சர் பந்தை விட்டதா, கண்டபடி எறிந்ததா. பள்ளி அளவில் அடித்து வந்த ரன் குறைவாகத்தான் இருக்கும், மீதியெல்லாம் நாம் தானம் கொடுத்தது. ஆனால் தோற்ற மறுநாள் எல்லோரும் என்ன பயிற்சி கொடுக்கிறோம்? பேட்டிங். அந்த எல்லைக்குள் பந்தைப் போட்டு ஸ்ட்ரைக் வாங்க முடியாத பிச்சரை (பந்து வீசுகிறவளை) அப்படியே விட்டுவிட்டு ஒன்பது பேரும் வரிசையில் நின்று பேட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தால் அடுத்த மேட்சும் அதே கதிதான், வித்தியாசம் பெரிதாகி ஏழு இன்னிங்ஸ் முடியும் முன்பே ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம் கிரிக்கெட். நம் பிள்ளைகள் தெருவில் அண்ணன் தம்பிகளோடு ஆடி வந்தவர்கள், அதனால் பந்தைப் பார்த்துப் பயம் கிடையாது, அதுவரை நல்லது. ஆனால் அடித்த கையோடு பேட்டையும் தூக்கிக்கொண்டு ஓடுவாள், முதல் பேஸ் பக்கத்தில் வந்ததும் கிரீஸைத் தொடுகிற மாதிரி பேட்டை நீட்டுவாள். எல்லோரும் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம், அதுதான் தப்பு. முதல் பேஸை மிதித்துவிட்டு நேராகத் தாண்டி ஓடலாம், அவுட் இல்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் அப்படித் தாண்டினால் பந்தோடு வந்து தொட்டு அவுட்டாக்கிவிடுவார்கள். இதை வாயால் சொன்னால் ஏறாது, 60 அடிக்கு ஒரு பேஸ் என்று சுண்ணாம்பு போட்டு நடக்கவைத்துக் காட்ட வேண்டும். எறிவதும் அப்படித்தான். ஸ்டம்பைக் குறிபார்த்த பழக்கத்தில் தரையில் கிடக்கிற பேஸைப் பார்த்தே எறிகிறார்கள், பந்து ஒரு குத்து குத்தி எங்கோ போகிறது. எறிய வேண்டியது பேஸுக்கு அல்ல, அங்கே ஒரு கால் வைத்து நிற்கிறவளின் நெஞ்சு உயரத்துக்கு. இன்னொன்று, மூன்றாவது ஸ்ட்ரைக்கில் சுழற்றித் தவறவிட்டதும் நம் பேட்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்துவிடுகிறாள். கேட்சர் அந்தப் பந்தைப் பிடிக்காமல் விட்டிருந்து முதல் பேஸ் காலியாக இருந்தால் அவள் ஓடலாம், இரண்டு அவுட் ஆகிவிட்டால் ஆள் இருந்தாலும் ஓடலாம். தோற்கிற டீமுக்கு இது சும்மா கிடைக்கிற பேஸ்.

கேட்சரைத் திட்டுவதில் நமக்கு ஒரு தனி சுகம். பேட்டர் நிற்கிற ஹோமிலிருந்து இரண்டாவது பேஸ் குறுக்காக ஏறக்குறைய 85 அடி. மெலிந்த கையுள்ள பதினான்கு வயசுப் பிள்ளையிடம் அத்தனை தூரம் நேராக எறி என்றால் எப்படி? முதல் பேஸிலும் மூன்றாவதிலும் ஆள் நிற்கும்போது, முதல் பேஸில் இருப்பவள் இரண்டாவதுக்கு ஓடுகிறாள் என்று கேட்சர் அங்கே எறிந்தால், பந்து போய்ச் சேர்வதற்குள் மூன்றாவதில் நிற்கிறவள் ஹோமுக்கு வந்துவிடுவாள். அந்தக் கட்டத்தில் எறியாமல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதில் நிற்கிறவளை முறைத்துப் பார்த்தாலே போதும். போனது ஒரு பேஸ்தானே, போகட்டும். தலைக்கவசம், நெஞ்சுக்கவசம், கால்கவசம் இல்லாமல் பயிற்சியில்கூட அவளை உட்காரவைக்காதீர்கள்; டீமுக்கு ஒரு செட்தான் இருந்தால் பயிற்சியை அதற்குத் தகுந்தபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்க்கை வீச்சுதானே, தோள் வலிக்காது என்று ஒரே பிச்சரை எல்லா மேட்சிலும் போடுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. கையை முழு வட்டமாகச் சுழற்றி வீசும்போது தோளின் முன்பக்கம் நன்றாகவே அடிவாங்கும். தோற்கிற டீமின் பிச்சர் அதிகப் பந்து வீசுகிறாள், ஏனென்றால் இன்னிங்ஸ் முடிவதே இல்லை. பந்தை எண்ண ஒரு பிள்ளையை நோட்டோடு உட்காரவையுங்கள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை சார் என்றுதான் சொல்வாள், இரண்டாவது பிச்சர் இல்லாத டீமில் அவள் வேறு என்ன சொல்வாள்?

வராத பிள்ளையின் பெயரை அடித்துவிடுவது இதையெல்லாம்விடப் பெரிய தப்பு. இங்கே பல வீட்டில் அப்பா அம்மா பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், பிள்ளை ஆயாவோடு இருக்கிறது. நாலு நாள் வரவில்லையென்றால் ஆட்டத்தில் ஆர்வம் போய்விட்டது என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும். "வயசுப் புள்ள, இருட்டுல வருதுன்னு பக்கத்து வீட்டுல ஒரு மாதிரி பேசறாங்க சார்" என்று ஆயா சொல்வார். சரி, பயிற்சியை அரைமணி முன்னால் முடித்தால் தீர்ந்தது. சில வீட்டில் விஷயம் வேறு, பத்தாவது முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். அப்போது தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள். டீமில் ஒரு ஆள் குறைகிறதே என்ற கவலையெல்லாம் அதற்கப்புறம்.

தோற்று வருகிற வழியில் வேனுக்குள்ளேயே விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள், பெற்றோர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் இன்னார் பந்தை விட்டாள் என்று எழுதவே எழுதாதீர்கள்.

மாவட்டப் போட்டியில் வெளியேறியதும் கிட்டை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. மைதானம் காலியாகக் கிடைப்பதே அப்போதுதான். எட்டாவதில் இரண்டு பேரைப் பிடித்து, சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு, 43 அடி தள்ளி ஒரு கோடு கிழித்து அங்கிருந்து வீசச் சொல்லுங்கள், கை எட்டாவிட்டால் முதலில் கிட்டத்திலிருந்தே வீசட்டும். அவர்கள் பிறந்த தேதியையும் அன்றே பார்த்துவிடுங்கள். அடுத்த வருஷம் 14 வயதுப் பிரிவா, 17 வயதுப் பிரிவா என்று போட்டிக்கு முந்தின ராத்திரி எமிஸை (மாணவர் விவரம் இருக்கிற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தை) திறந்து தேடுகிறவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்.