டிரெய்லருக்குள் மணல் சேராமல் இருக்க

கோடை முழுவதும் டிரெய்லரிலேயே (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டில்) தங்கிக் குழந்தைகளுடன் கடற்கரைகளைச் சுற்ற விரும்புபவர்கள், இடநெருக்கடியைவிட மணலுக்கே அதிகம் ஆயத்தமாக வேண்டும். டெக்சாஸின் பாட்ரே தீவுத் தேசியக் கடற்கரையிலுள்ள மலாகைட் முகாமில் டிரெய்லருக்கு மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடையாது. முகாமுக்கு அருகில் தண்ணீர் நிரப்பிக்கொள்ள வசதி உண்டு என்றாலும், கால் கழுவுவதற்கே தொட்டியைக் காலிசெய்துவிட்டால் சமையலுக்குத் திண்டாட வேண்டியிருக்கும்.

இதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது மக்காச்சோள மாவு (கார்ன்ஃப்ளோர்). ஈரமாக இருக்கும்வரைதான் மணல் தோலில் ஒட்டியிருக்கும் என்பதால், படிக்கட்டின் கீழே ஒரு முரட்டுப் பாயை விரித்து, குழந்தைகளை அதில் உட்காரவைத்து, பாதத்திலும் விரலிடுக்குகளிலும் மாவைத் தூவி உலர்ந்த துணியால் துடைத்தால், ஈரத்தை மாவு உறிஞ்சிக்கொள்ள மணல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். துண்டுகளையும் நீச்சல் உடைகளையும் வெளியிலேயே கொடிகட்டி உலர்த்தி, உதறிய பிறகே உள்ளே கொண்டுசெல்லுங்கள்.

உப்புக்காற்று கண்ணுக்குத் தெரியாமல் இரும்பை அரிக்கும். ஊர் திரும்பும் வழியில் அருகிலுள்ள கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் வண்டி கழுவும் இடமொன்றில் நிறுத்தி, டிரெய்லரின் அடிச்சட்டம், சக்கரங்கள், கதவுக் கீல்கள், இணைப்புக் கொக்கி ஆகியவற்றை நல்ல தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள். கீல்கள் காய்ந்ததும் எண்ணெய் இடுங்கள்.

பாட்ரே தீவுக் கடற்கரையின் பெரும்பகுதியில் மணலில் வாகனம் ஓட்ட அனுமதி உண்டு என்றாலும், குழந்தைகளை வைத்துக்கொண்டு டிரெய்லரை மணலுக்குள் இழுத்துச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.