பிளாக் ஐபிஏ-வை ருசி பார்ப்பது எப்படி? முதல்முறை குடிப்பவர்களுக்கான செய்முறை

பிளாக் ஐபிஏ என்பது மணமும் கசப்பும் மிகுந்த ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பீரின் கறுப்பு வகை. க்ளாஸில் ஊற்றினால் ஸ்டவுட் என்ற வறுவல் ருசி மிகுந்த கறுப்பு பீர் என்றுதான் நினைப்போம். கறுப்பாக இருக்கும், மேலே வெளிர்பழுப்பு நுரை நிற்கும். காப்பி, சாக்லேட் என்று மனம் தயாராகிவிடும். மூக்கருகே கொண்டுபோனால் நார்த்தங்காய்த் தோலும் பைன் பிசினும் மணக்கும். முதன்முறை குடிப்பவர்களில் பலர் இரண்டு மடக்கிலேயே "ஒரே கசப்பு" என்று தள்ளி வைத்துவிடுகிறார்கள். அந்தக் கசப்புக்குள் இரண்டு கசப்பு இருக்கிறது. ஒன்று ஹாப்ஸிலிருந்து (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) வருவது, மற்றொன்று வறுத்த மால்ட்டிலிருந்து (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வருவது. இரண்டையும் தனித்தனியாக உணர ஆரம்பித்துவிட்டால் இந்த பீர் முற்றிலும் வேறாகத் தெரியும். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இது குடிக்கும் சட்டபூர்வ வயதை எட்டியவர்களுக்கானது (அமெரிக்காவில் 21). பிளாக் ஐபிஏ-க்களில் ஆல்கஹால் பெரும்பாலும் 5.5 முதல் 9% வரை இருக்கும். ருசி பார்க்கும் நாளில் வண்டியை எடுக்காதீர்கள். ஒரு டின்னை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் போதும்.

இந்த பீர் எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊர். அங்கே கிரெக் நூனன் 1988-ல் 'வெர்மாண்ட் பப் அண்ட் ப்ரூவரி'யைத் தொடங்கினார். 1990-களின் தொடக்கத்தில் அங்கே காய்ச்சிய 'பிளாக்வாட்ச் ஐபிஏ'யைத்தான் இந்த வகைக்கு முன்னோடி என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். பிறகு நாட்டின் மறுகோடியில், பசிபிக் கரையோர வடமேற்கில், இது நன்றாக வேரூன்றியது. யாக்கிமா பள்ளத்தாக்கின் ஹாப் தோட்டங்கள் அந்தப் பக்கம்தான். அங்குள்ளவர்கள் இதைத் தங்கள் மண்ணின் பீராகவே கருதி 'கேஸ்கேடியன் டார்க் ஏல்' என்று அழைத்தார்கள். ஆகவே டின்னில் எந்தப் பெயர் இருந்தாலும் ஒரே வகைதான். கலிஃபோர்னியாவின் ஸ்டோன் ப்ரூவரி 2007-ல் தன் 11-ஆம் ஆண்டு நிறைவுக்காகக் காய்ச்சிய கறுப்பு ஐபிஏ, பின்னால் 'சப்ளைம்லி செல்ஃப்-ரைட்டியஸ்' என்ற பெயரில் வந்து பலருக்கு இந்த வகையை அறிமுகம் செய்தது. அதில் ஆல்கஹால் 8.7%.

கறுப்பு நிறம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், ருசிக்கும்போது உதவும். பார்லியை உமியோடு கடுமையாக வறுத்தால் உமி கருகும். அதிலிருந்துதான் சாம்பல் ருசியும் வாயைப் பிடிக்கும் துவர்ப்பும் வருகின்றன. ஸ்டவுட்டில் அது ஓரளவு அழகு. ஹாப்ஸ் நிறைந்த பீரிலோ அது சண்டை போடும். அதனால் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து வையர்மான் நிறுவனத்தின் 'கராஃபா ஸ்பெஷல்' போன்ற, உமி நீக்கி வறுத்த மால்ட்டைப் பல ப்ரூவரிகள் சேர்க்கின்றன. நிறம் முழுசாக வரும், கொக்கோ வாசம் லேசாக வரும், கரி வராது. வேறு சிலர் கறுப்பு மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தின் கடைசியில்தான் சேர்ப்பார்கள். நோக்கம் அதேதான்.

படி 1: தேதி பார்த்து வாங்குங்கள்

டின்னின் அடியிலோ பாட்டிலின் கழுத்திலோ அடைத்த தேதி அச்சாகியிருக்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக, கடையில் குளிர்பெட்டியில் இருந்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஹாப்ஸ் மணம் நாளாக நாளாக மங்கும், வறுத்த ருசி அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆறேழு மாதம் அலமாரியில் கிடந்த பிளாக் ஐபிஏ, ஸ்டவுட்டின் உறவான போர்ட்டர் என்ற கருநிற பீரின் மெலிந்த வடிவம் போல இருக்கும். அதைக் குடித்துவிட்டு இந்த வகையையே எடைபோடுவது அநியாயம்.

டின் நல்லது. பாட்டில் என்றால் பழுப்பு நிறம். பச்சை பாட்டிலிலும் நிறமில்லாத பாட்டிலிலும் வெளிச்சம் புகுந்து ஹாப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைக்கும். ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தோடு ஒப்பிடப்படும் ஒரு வாடை அதனால்தான் வருகிறது.

படி 2: க்ளாஸும் குளிர்ச்சியும்

டுலிப் வடிவ க்ளாஸ் இருந்தால் சிறப்பு. இல்லாவிட்டால் சாதாரண வைன் க்ளாஸ் போதும். வாய் குறுகியிருந்தால் மணம் உள்ளேயே தங்கும். பீர் மக் இதற்கு ஒத்துவராது. க்ளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருந்தால் நுரை நிற்காது, குமிழிகள் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துவைத்துக் காயவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறையவிட வேண்டாம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து கால் மணி நேரம் வெளியே வையுங்கள். 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்குவது சரியாக இருக்கும். ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியிலேயே குடித்தால் மணம் அடங்கிப்போய்க் கசப்பு மட்டும் முன்னால் நிற்கும்.

அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காப்பி, வெற்றிலைபாக்கு, சிகரெட் எதுவும் வேண்டாம். பல் துலக்கிய கையோடும் குடிக்காதீர்கள். பக்கத்தில் தண்ணீரும் சாதா பிரெட்டும் இருக்கட்டும். மிளகாய்க் காரம் கூடவே கூடாது. ஹாப் கசப்பும் ஆல்கஹாலும் காரத்தை ஏற்றிவிடும், பிறகு நாக்கு வேறெதையும் சொல்லாது.

படி 3: ஊற்றுங்கள், பாருங்கள்

க்ளாஸைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை எழும்பும்படி முடியுங்கள். 120 மில்லி போதும். நுரை வெளிர்பழுப்பாக இருக்க வேண்டும். விளக்குக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்போ அடர்பழுப்போ தெரியலாம். ஒளியே புகாமல் இருந்தாலும் குறையில்லை. நிறத்தில் இதற்குமேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

படி 4: முகருங்கள்

பாதி வேலை இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தட்டில் நான்கு பொருள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: நார்த்தங்காய் அல்லது பம்ப்ளிமாஸ் தோல், வறுத்த காப்பிக்கொட்டை, 70% டார்க் சாக்லேட்டில் ஒரு துண்டு, ஒரு சிறு கட்டி குங்கிலியம். குங்கிலியம் முகர்வதற்கு மட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் தோலும் ஒடித்த பைன் குச்சியும் வைத்துக்கொள்ளலாம். முதலில் இவற்றை ஒவ்வொன்றாக முகர்ந்து மனதில் பதியுங்கள். "ஏதோ வாசனை" என்பதிலிருந்து "தோல் வாசனை", "பிசின் வாசனை" என்ற இடத்துக்கு நகர இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இதற்குக் காரணம் உண்டு. 2001-ல் வெளியான பிரான்சின் போர்டோ ஆய்வு ஒன்றில், வெள்ளை வைனில் ருசியற்ற சிவப்புச் சாயம் கலந்து, வைன் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அதன் மணத்தை அவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். நிறம் மூக்கை அவ்வளவு தூரம் இழுத்துப் போகும். கறுப்பு பீரில் இல்லாத சாக்லேட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவோம், இருக்கிற நார்த்தங்காயைத் தவறவிடுவோம். கண்ணைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை முகர்ந்து பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

முகரும் முறை இது. க்ளாஸை மூக்குக்குக் கீழே ஒருமுறை கடத்துங்கள், ஆழமாக இழுக்க வேண்டாம். பிறகு க்ளாஸை மெல்லச் சுழற்றி, வாயை உள்ளங்கையால் மூடி, ஐந்தாறு விநாடி கழித்துத் திறந்து, சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை இழுங்கள். மூக்கு சலித்துவிட்டால் உங்கள் சட்டைக் கையை முகருங்கள், சரியாகிவிடும்.

முதலில் எழுவது பெரும்பாலும் ஹாப்ஸ். அதன் எண்ணெய்கள் சட்டென்று ஆவியாகக்கூடியவை. என்ன ஹாப் என்று டின்னிலேயே பல சமயம் போட்டிருக்கும். 1972-ல் வந்த கேஸ்கேட் என்றால் கிரேப்ஃப்ரூட்டும் பூவும். 1985-ன் சினூக் என்றால் பைன், கொஞ்சம் மசாலா. சிம்கோவில் பிசினோடு பேஷன் ஃப்ரூட்டும் சேரும். சிட்ரா என்றால் மாம்பழம், லிச்சி, எலுமிச்சைத் தோல். என் விருப்பம் சினூக்கும் சிம்கோவும்தான். கறுப்பு மால்ட்டோடு பிசின் வாசம் இணைவதுபோல மாம்பழ வாசம் இணைவதில்லை.

ஹாப்ஸை அடையாளம் கண்ட பிறகு அதற்குக் கீழே தேடுங்கள். கொக்கோத் தூள், டோஸ்ட் ரொட்டியின் ஓரம், லேசான காப்பி. நல்ல பிளாக் ஐபிஏ-வில் இவை பின்னால்தான் நிற்கும். முதல் மோப்பத்திலேயே காப்பி முன்னால் வந்தால், அது ஸ்டவுட்டுக்கு நெருங்கிய பீர், அல்லது பழசு.

படி 5: நாக்கில் வையுங்கள்

ஒரு மேஜைக்கரண்டி அளவு உறிஞ்சி, வாய் முழுக்கப் பரவவிட்டு, மூன்று நான்கு விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். வைன் ருசிப்பவர்கள் துப்புவார்கள். பீரில் விழுங்க வேண்டும், ஏனென்றால் கசப்பு முழுசாகத் தெரிவது விழுங்கிய பிறகுதான். விழுங்கியதும் வாயை மூடியபடி மூச்சை மூக்கு வழியாக விடுங்கள். தொண்டைப் பக்கமாக மணம் மேலே ஏறும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த மூச்சில்தான் இருக்கிறது.

முதல் மடக்கைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது நாக்குக்குப் பழக்கம். இரண்டாவது மடக்கிலிருந்து கவனியுங்கள்.

ஹாப் கசப்பு எப்படி வரும்? ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறித் தருகிற கசப்பு அது. நடுவில் எழுந்து, விழுங்கிய பிறகு உயர்ந்து, நாக்கின் பின்புறம் நெடுநேரம் நிற்கும். கூடவே மூச்சில் தோல் வாசமோ பிசின் வாசமோ வரும். சுண்டைக்காயும் வேப்பம்பூவும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இந்த நீளமான கசப்பு புதிதல்ல. பயப்படாமல் அதன் பின்னாலேயே போங்கள்.

வறுத்த மால்ட்டின் கசப்பு சற்று முன்னதாகவே வரும், சீக்கிரமாக முடியும். மூச்சில் காப்பியோ கருகிய ரொட்டியோ தெரியும். அளவு மீறினால் சாம்பல்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. விழுங்கிய பிறகு நாக்கை மேலண்ணத்தில் தேயுங்கள். பாக்கு மென்றதுபோல ஈறு இறுகி, சொரசொரப்பாக இருந்தால் அது துவர்ப்பு. பெரும்பாலும் கருகிய உமியின் வேலை, சில நேரம் அளவுக்கு மீறிய ஹாப்ஸாலும் வரும். எதனால் என்று மூச்சு சொல்லிவிடும்: சாம்பல் வந்தால் மால்ட், பச்சை இலை வந்தால் ஹாப்ஸ்.

சாம்பலும் பைனும் ஒன்றாக வருகிற பிளாக் ஐபிஏ-வை நான் தோற்ற பீர் என்றுதான் சொல்வேன், ஆல்கஹாலும் விலையும் எவ்வளவு இருந்தாலும் சரி. அதேபோல முடிவில் இனிப்பு பாகாகத் தங்கினாலும் தவறு. ஐபிஏ என்ற பெயருக்கு ஏற்ப வறண்டு முடிய வேண்டும்.

டின்னில் ஐ.பி.யூ என்று ஒரு எண் இருக்கலாம். இந்த வகையில் 50 முதல் 90 வரை வழக்கம். அது கசப்புப் பொருளின் அளவு. மால்ட் இனிப்பு கூடினால் 80 உள்ள பீர்கூட 60 உள்ளதைவிட மென்மையாகத் தெரியும். எண்ணைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள்.

படி 6: கொஞ்சம் மீதி வையுங்கள்

கால்வாசியை விட்டுவைத்து இருபது நிமிடம் கழித்துக் குடியுங்கள். சூடு ஏற ஏற கொக்கோவும் கேரமலும் மேலே வரும், ஆல்கஹாலின் வெப்பம் தெரியும். குளிர்ச்சியில் ஒளிந்திருந்த குறைகளும் வெளியே வரும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் காற்றுப்பட்டுப் பழசானது. வெண்ணெய், வேகவைத்த சோளம், பச்சை ஆப்பிள் வாசங்கள் காய்ச்சியதிலோ நொதித்ததிலோ நடந்த பிழை.

படி 7: எழுதுங்கள்

நீளமாக வேண்டாம். இப்படி:

"சினூக், சிம்கோ. 6.8%. அடைத்து ஐந்து வாரம். மணம்: பிசின், கிரேப்ஃப்ரூட் தோல், பின்னால் கொக்கோ. கசப்பு: ஹாப் நீளம், வறுவல் குறுகல். துவர்ப்பு லேசு. வறண்ட முடிவு. சூடானதும் கேரமல்."

"அருமை", "மோசம்" என்று மட்டும் எழுதினால் அடுத்த முறை ஒப்பிட எதுவும் இருக்காது.

படி 8: மூன்று க்ளாஸ்

இரண்டு கசப்பும் இன்னும் பிரியவில்லை என்றால் இதைச் செய்யுங்கள். இடதுபக்கம் சாதாரண அமெரிக்க ஐபிஏ, வலதுபக்கம் இனிப்பு சேர்க்காத ஒரு ஸ்டவுட், நடுவில் பிளாக் ஐபிஏ. ஒவ்வொன்றும் 60 மில்லி. முதலில் ஐபிஏ-வில் இரண்டு மடக்கு, பிறகு நடு க்ளாஸ். அதில் காப்பி சட்டென்று மேலே வரும். தண்ணீர் குடித்து, பிரெட் மென்று, இரண்டு நிமிடம் பொறுங்கள். இப்போது ஸ்டவுட்டில் இரண்டு மடக்கு, மறுபடி நடு க்ளாஸ். இந்த முறை காப்பி ஒதுங்கிக்கொள்ளும், நார்த்தங்காய்த் தோலும் பிசினும் முன்னால் வரும். பீர் மாறவில்லை, அதற்கு முன் குடித்ததுதான் மாறியது. கடைசியாக ஒருமுறை, நண்பர் ஒருவரை க்ளாஸ்களை இடம் மாற்றி வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் கண்டுபிடியுங்கள்.