எலிகளில் கிளமிடியா: மருந்து தொடங்கும் நாளில் நடக்கும் தவறுகள்

லேபில் புதிதாகச் சேர்ந்த மாணவியின் நோட்டில் "3ஆம் நாள் டாக்சிசைக்ளின் தொடக்கம்" என்று இருந்தது, அதாவது எலியைத் தொற்ற வைத்த 3ஆம் நாளில் இந்த ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவது. ஏன் 3 என்பதற்குக் காரணம் எங்கும் இல்லை. பல வருடங்களுக்கு முன் என் நோட்டிலும் இதே வரிதான். ஊசி பிடிப்பது, கூண்டு எண் மாறிப்போவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சீக்கிரம் மருந்து, பிறகு மறுதொற்று

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். மனிதர்களிடம் பாலுறவால் பரவும் கிளமிடியா பாக்டீரியாவுக்கு எலிகளில் உள்ள உறவான கிளமிடியா முரிடாரம், தொற்றிய முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கும். மருந்தே தராவிட்டாலும் ஏறக்குறைய 4 வாரத்தில் எலியே அதை அடக்கிவிடும். அடக்குவதில் பெரும்பங்கு இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும் சிடி4 டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களுக்கு. அவை திரண்டு வர நாள் பிடிக்கும். அதற்குள் கிருமியை அழித்துவிட்டால் கருக்குழாய் தப்பிக்கும், ஆனால் எதிர்ப்பாற்றல் அரைகுறையாக நின்றுவிடும்.

நான் 3ஆம் நாள் தொடங்கினேன். பிறப்புறுப்பில் பஞ்சால் ஒற்றி எடுத்த ஸ்வாப் எல்லாம் நெகட்டிவ். சில வாரம் கழித்து மறுபடி தொற்ற வைத்தேன். மைக்ரோஸ்கோப்பில், ஸ்வாப்பிலுள்ள கிருமியை வளர்க்கும் மெக்காய் செல்களுக்குள் பச்சைப் பச்சையாக இன்க்ளூஷன்கள் (கிருமி பெருகும் பைகள்), முன்பு தொற்றே காணாமல் முதல்முறை தொற்ற வைத்த எலிகளுக்கு இருந்த அளவு. சேமித்து வைத்த கிருமி ஸ்டாக்கைச் சந்தேகப்பட்டு புதிதாக வளர்த்தேன், டைட்டர் (கிருமியின் அளவு) பார்த்தேன், முழுச் சோதனையையும் திரும்பச் செய்தேன். மூன்று மாதமும் அத்தனை எலிகளும் போயின. கோளாறு நான் குறித்த நாளில் இருந்தது.

அமெரிக்காவில் ராக்கி மவுண்டன் ஆய்வகத்தார் 1999இலேயே இதை வெளியிட்டிருந்தார்கள்: சீக்கிரம் டாக்சிசைக்ளின் கொடுத்த எலிகளுக்கு மறுதொற்று எளிதில் வந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மனிதர்களிடம் கிளமிடியா குறைந்து பின் ஏறியதற்கு, உடனடிச் சிகிச்சை எதிர்ப்பாற்றலைப் பாதியில் நிறுத்துவதே காரணமாகலாம் என்று ஆய்வாளர் ராபர்ட் பிரன்ஹாம் கருதியதும் இதே வழியில்தான்.

ஆகவே கருக்குழாய்ச் சேதத்தைப் பார்க்கிறீர்களா, எதிர்ப்பாற்றலையா என்று முதலில் தீர்மானியுங்கள். பிறகு வெவ்வேறு நாளில் மருந்து தொடங்கும் குழுக்களை ஒரே ஸ்டாக்கில், ஒரே தேதியில் தொற்ற வையுங்கள்.

மருந்தில்லாக் குழு இல்லாமல் 21ஆம் நாள் தொடங்குவது

தொற்று தானாக வடிந்ததை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனை மறப்பது

எலியின் சினைச் சுழற்சியை நிறுத்தும் இந்த ஹார்மோனை முதல் தொற்றுக்கு 7 நாள் முன் 2.5 மில்லிகிராம் போடுபவர்கள் மறுதொற்றுக்கு முன் அதை விட்டுவிடுகிறார்கள். ஈஸ்ட்ரஸில் (சினைப்பருவத்தில்) இருக்கும் எலி எளிதில் தொற்றை ஏற்காது. அதைப் போய் எதிர்ப்பாற்றல் என்று எழுதுகிறோம்.

மருந்துக்கு முந்தைய ஸ்வாப்

எடுங்கள்.

பிசிஆர் மட்டும் பார்ப்பது

செத்த கிருமியின் டிஎன்ஏவும் பாசிட்டிவ் காட்டும். உயிருள்ள கிருமி மட்டுமே வளரும் கல்ச்சர் வையுங்கள். மலத்துவார ஸ்வாப்பும் சேர்த்து எடுங்கள்: பிறப்புறுப்பில் அடங்கிய பிறகும் இந்தக் கிருமி குடலில் மாதக்கணக்கில் இருக்கும்.