ஆஸ்பத்திரி பார்மசியை விட்டு மெடிக்கலுக்கு மாறப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பார்மசியில் நான் இருந்தபோது பயிற்சிக்கு வந்தவள், இன்று அவளே இன்னொரு ஆஸ்பத்திரியில் சீனியர். "அக்கா, வேலையை விட்டுறலாம்னு இருக்கேங்க. ஊர்ல ஒரு மெடிக்கல்ல கூப்பிடறாங்க. எட்டாயிரம் கம்மி, ஆனா நைட் ஷிப்ட் இல்லீங்க, டென்ஷன் இல்லாம இருக்கலாம்" என்றாள். நல்ல யோசனைதான், நானும் 2018-ல் அப்படித்தான் கிளம்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "சர்டிபிகேட் எல்லாம் குடுத்தாச்சுங்க" என்றாள்.

எந்தச் சர்டிபிகேட்?

"ஒரிஜினல்தாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன். இப்படி மாறுகிற பிள்ளைகள் வரிசையாக நான் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன். சம்பளத்தைப் பேசி முடிவு செய், கடை உரிமையாளரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சம்பளத்தை மாதக் கணக்கில் மட்டும் பார்ப்பது

ஆஸ்பத்திரியில் எனக்கு 24,000 ரூபாய். மெடிக்கலில் 17,000 பேசினார்கள். ஏழாயிரம் குறைகிறது, முப்பது சதவீதம்கூட இல்லை, ராத்திரி தூக்கத்துக்கு அந்த விலை கொடுக்கலாம் என்று நினைத்தேன். மணிக்கணக்கில் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேர ஷிப்ட், மாதம் 26 நாள், ஆக 208 மணி நேரம். மணிக்கு 115 ரூபாய். கடையில் காலை 9 முதல் 1.30 வரை, மாலை 4.30 முதல் 10 வரை, ஆக பத்து மணி நேரம், மாதம் 260 மணி நேரம். மணிக்கு 65 ரூபாய். அப்படிப் பார்த்தால் சம்பளம் கிட்டத்தட்ட 43 சதவீதம் குறைந்திருந்தது. நடுவில் மூன்று மணி நேரம் இடைவெளி என்கிறார்களே, அது வீடு கடைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இடைவெளி. பஸ் பிடித்துப் போய்ச் சாப்பிட்டுத் திரும்புகிறவருக்கு அதுவும் வேலை நேரம்தான்.

இப்படிக் கணக்குப் போட்ட பிறகும் போகலாம் என்று தோன்றினால் போங்கள். தெரிந்தே குறைத்துக்கொள்வது வேறு, ஆறு மாதம் கழித்து ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இழுக்கும்போது தெரிந்துகொள்வது வேறு.

டென்ஷன் இல்லாத கடை இருக்கிறது என்று நம்புவது

ஆஸ்பத்திரியின் டென்ஷன் நமக்குத் தெரியும். ஐ.சி.யூ.விலிருந்து நடுராத்திரி மருந்து கேட்டு இண்டென்ட் சீட்டு வரும், டிஸ்சார்ஜ் நேரத்தில் மிஞ்சிய மருந்துகள் ரிட்டர்னாகக் குவியும், இன்சூரன்ஸ் பில் இழுபறியில் நோயாளியின் மச்சான் நம்மிடம் கத்துவார். ஆனால் அங்கே திட்டு வாங்கும்போது பக்கத்தில் மூன்று பேர் நிற்பார்கள். கடையில் நீங்கள் ஒருவர்தான்.

கடையின் டென்ஷன் எந்த ரூபத்தில் வரும் என்றால், தொண்டை வலி, செஃபிக்ஸிம் இரண்டு மாத்திரை மட்டும் கொடும்மா என்று தெரு ஆசாமி வருவார், டாக்டர் சீட்டு இருக்காது. தூக்கம் வரவில்லை, போன மாசம் வாங்கினேனே அதே அல்பிரஸோலம் என்று ஒரு பாட்டி வருவார், அவரிடமும் சீட்டு இருக்காது. முதலாவது ஆன்டிபயாட்டிக், இரண்டாவது தூக்க மாத்திரை போலப் பழக்கமாகிவிடுகிறது; இரண்டுமே ஷெட்யூல் எச்-1, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத பட்டியலில் உள்ள மருந்துகள். 2014 மார்ச்சிலிருந்து இவற்றுக்குத் தனி ரிஜிஸ்டர் வைத்து, டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். இதைப் பாட்டியிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் கல்லாவிலிருந்து, "குடுத்துரு கண்ணு, நாம குடுக்கலைன்னா எதிர்க்கடைல வாங்கிக்குவாங்க" என்று குரல் வரும். ராத்திரி எட்டரைக்கு மேல் மூன்று பையன்கள் ஒரே பைக்கில் வந்து ஒரு குறிப்பிட்ட வலி மாத்திரையின் பெயரை மட்டும் சரியாகச் சொல்லிக் கேட்பார்கள். போதைக்குத்தான் என்று உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இல்லை என்று சொல்லிவிட்டு, அப்புறம் பத்து மணிக்குத் தனியாக வண்டி எடுக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவீர்கள்.

ஆகவே சேருவதற்கு முன் முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சீட்டு இல்லாம வந்தா நான் திருப்பி அனுப்பலாமா?" பதிலைவிட முகத்தைப் பாருங்கள். அதற்கும் முன்னால், ஒரு திங்கட்கிழமை சாயந்திரம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்குகிற சாக்கில் கடைக்கு முன் அரை மணி நேரம் நின்றுவிடுங்கள். மருந்தை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், கடைப் பையனா, பார்மசிஸ்ட்டா என்று தெரிந்துவிடும். இன்சுலின் வைத்திருக்கும் ஃபிரிட்ஜில் தயிரும் இருக்கிறதா என்பதுகூடச் சில கடைகளில் வெளியிலிருந்தே தெரியும்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி

21,000-க்குக் கீழே சம்பளம் வந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டே, அப்பாவுக்கு அது உதவுமே என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஈ.எஸ்.ஐ. வர வேண்டுமானால் அந்த இடத்தில் குறைந்தது பத்துப் பேர் வேலை செய்ய வேண்டும், பி.எஃப்.க்கு இருபது பேர். எங்கள் கடையில் முதலாளியின் மருமகனையும் சேர்த்து எண்ணினால் ஆறு பேர். ஊழியர் என்பதால் ஆஸ்பத்திரியில் கிடைத்துவந்த ஸ்கேன் சலுகையும் போயிற்று.

இன்னொன்று எனக்கு வலித்தது. பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், நான் 9 வருடம் 2 மாதத்தில் கிளம்பியிருந்தேன். பென்ஷன் பணத்தை வெளியே எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், பின்னால் பி.எஃப். உள்ள வேலையில் சேரும்போது பழைய சர்வீஸைச் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இதைச் சொன்னவர் ஆஸ்பத்திரி எச்.ஆர். இல்லை, கேன்டீனில் காபி போட்டவர்.

போன் செய்த பெண்ணுக்குச் சர்வீஸ் நாலு வருடம் மூன்று மாதம். கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது நிறுவனம் தருகிற பணிக்கொடை, கிடைக்க ஐந்து வருடம் வேண்டும். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டால் 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஐந்து வருடத்துக்குச் சுமார் 34,600 ரூபாய். ஒன்பது மாதம் பொறுத்தால் வருகிற பணம், டென்ஷன் என்று சொல்லி விட்டுவிட்டுப் போக இருந்தாள்.

வாரம் அரை நாள் லீவு என்பதற்குத் தலையாட்டுவது

அது லீவு இல்லை.

ஒரிஜினலைக் கொடுப்பது, கூடவே பெயரையும் கொடுப்பது

இதற்குத்தான் வந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வரும்.

நான் சேர்ந்த கடையின் முதலாளிக்கு அறுபது வயதுக்கு மேல். அன்பாகப் பேசுவார், கண்ணு என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே, "டி.ஐ. வந்தா ஒரிஜினல் கேப்பாங்க கண்ணு, இங்கயே பீரோல இருக்கட்டும்" என்றார். டிரக் இன்ஸ்பெக்டர் என்றாலே நமக்குள் ஒரு பயம் உண்டே. பதிவுச் சான்றிதழ், டி.பார்ம் டிப்ளமோ, பிளஸ் டூ மார்க் ஷீட் எல்லாம் இருந்த பிளாஸ்டிக் ஃபைலை அப்படியே கொடுத்தேன். முழு நேரமாக இங்கே வேலை செய்கிறேன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்து. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டு வெற்றுத்தாளில் வேறு கையெழுத்து. ஆமாம், வெற்றுத்தாள். டைப் பண்ணும்போதே வெட்கமாக இருக்கிறது.

நாலாவது மாதம், ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்து சரக்கு கொண்டுவருகிற தம்பி, "மேடம், நீங்க பஸ் ஸ்டாண்ட் கடையிலயும் இருக்கீங்களா? அங்க உங்க பேர் மாட்டியிருக்கே" என்றான். முதலாளியின் மகன் புதிதாகத் திறந்த கடை அது. அங்கே லைசென்ஸில் என் பெயர். நான் தினமும் நிற்கிற கடையின் லைசென்ஸில் அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவரின் பெயர், அவர் வேறு ஊரில் மெடிக்கல் ரெப்பாக அலைந்துகொண்டிருந்தார். நான் ஒருநாள்கூடக் கால் வைக்காத கடையில் எச்-1 ரிஜிஸ்டரில் என் கையெழுத்து மாதிரியே ஏதோ கிறுக்கியிருந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் புரிவதில்லை. சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்ட் கையால், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். 1948-ஆம் வருட பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவும், மருந்து விதிகளின் 65-ஆவது விதியும் அதைத்தான் சொல்கின்றன. மருந்து எடுத்துக் கொடுக்கக் கடைப் பையன் போதும், அவனுக்குச் சம்பளமும் குறைவு. கடைக்காரர் நம்மைக் கூப்பிடுவது முக்கியமாக லைசென்ஸில் போட ஒரு பெயருக்குத்தான். அந்தப் பெயரில் தவறான மாத்திரை போனாலும், போதைப் பையன்களுக்கு ஸ்டிரிப் ஸ்டிரிப்பாகப் போனாலும், முதலில் விசாரிக்கக் கூப்பிடுவது நம்மையும் சேர்த்துத்தான்.

அன்றைக்கே விலகல் கடிதம் கொடுத்தேன். "ஆள் கிடைக்கற வரைக்கும் பொறு கண்ணு, அப்புறம் ஃபைலை வாங்கிக்கோ" என்றார். பத்து நாளில் எனக்கு வேறு கடையில் வேலை கிடைத்தது. ஆனால் அவர்கள் என் பெயரைப் போட்டு விண்ணப்பித்தபோது, ஏற்கெனவே வேறு கடையில் இந்தப் பெயர் இருக்கிறது என்று நின்றுவிட்டது. ஒரே ஆளை இரண்டு கடைக்குக் காட்ட முடியாதே. பொறுப்பு பார்மசிஸ்ட் மாறினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது கடைக்காரருடைய உரிமத்தின் நிபந்தனை, ஆனால் தெரிவிக்க வேண்டியவர் அவர், அவருக்கோ என்ன அவசரம். மூன்றரை மாதம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். 17,000 கணக்கில் 59,500 ரூபாய், பஸ் காசு தனி. வாரம் ஒருமுறை போய் நிற்பேன், டீ வாங்கிக் கொடுப்பார், ஃபைலைக் கொடுக்க மாட்டார்.

கடைசியில் ஒரு சீனியர் அண்ணன் வழி சொன்னார். இன்ன தேதியில் விலகிவிட்டேன், அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் பொறுப்பில்லை என்று லைசென்ஸ் எண்ணோடு நானே மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் மண்டல உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு நகல் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலுக்கு, ஒன்று முதலாளிக்கு. அதற்கப்புறம்தான் எல்லாம் நகர்ந்தது. ஃபைல் திரும்பி வந்தபோது டிப்ளமோவின் ஓரத்தில் டீக்கறை.

பதிவுச் சான்றிதழைக் கடையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டுவது சரியான நடைமுறைதான், அதற்கு மறுக்காதீர்கள். டிப்ளமோவையோ மார்க் ஷீட்டையோ எந்தச் சுவரிலும் மாட்ட வேண்டியதில்லை, பீரோவிலும் வைக்க வேண்டியதில்லை, நகல் போதும், சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த வாரமே லைசென்ஸைப் பார்த்து, எந்த முகவரிக்கு எதிரே உங்கள் பெயர் இருக்கிறது என்று படித்து, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தாளுக்கும் நகல் வேண்டும். கிளம்புகிற அன்று தபால் ஆபீஸுக்குப் போன பிறகு வீட்டுக்குப் போங்கள். சுவரில் மாட்டியதை யாரையும் கேட்காமல் நீங்களே ஆணியிலிருந்து கழற்றுங்கள். இரண்டாவது கடையில் நான் இதையெல்லாம் செய்தேன், அந்த முதலாளி சிரித்தார், ஆனால் தப்பாக நினைக்கவில்லை. ஏழு வருடமாக அங்கேதான் இருக்கிறேன், ராத்திரி தூங்குகிறேன்.

"கடைக்கு வரவே வேண்டாம், சர்டிபிகேட் மட்டும் போதும், மாசாமாசம் பணம் வந்துரும்"

வேண்டாம்.

பார்மசி கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் வேலை தேடுவது

இன்றைக்கே சான்றிதழை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று நினைப்பது

ஸ்டூல் இருக்கும். அதன் மேல் நியர் எக்ஸ்பைரி பெட்டி, காலாவதி நெருங்கிய மருந்துகள் போட்ட பெட்டி, இருக்கும்.

கோபத்தில் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவது

நோட்டீஸ் காலத்தை முடியுங்கள், ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் வாங்குங்கள். கடை ஒத்துவராமல் போனால் திரும்பப் போக ஆஸ்பத்திரிதான் உண்டு, அங்கே அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சூப்பர்வைசரோடு சண்டை போட்டுவிட்டு ஓவர்கோட்டைக் கவுண்டரில் கழற்றி வீசிவிட்டுப் போனார், பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இரண்டு வருடம் கழித்து அதே சூப்பர்வைசரிடம் சான்றுக்குக் கெஞ்சினார்.

போன் செய்த பெண்ணிடம் அன்றைக்கே சொன்னேன், நாளைக் காலையில் கடை திறந்ததும் போய், ஆஸ்பத்திரியில் சரிபார்க்கக் கேட்கிறார்கள் என்று சொல்லி ஃபைலை வாங்கிவிடு, சேருவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று. போனாளாம். "சாவி மகன்கிட்ட இருக்கு, ரெண்டு நாள் கழிச்சு வாம்மா" என்றார்களாம். நாலு தடவை போயிருக்கிறாள். நேற்று ராத்திரி வரை சாவி வரவில்லை.