கூட்டணி அமைந்த அன்றே ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

கூட்டணி உடைந்த பிறகு காரணம் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். அது எங்கே உடையும் என்று அமைந்த அன்றே பார்க்கப் பழக வேண்டும். அரசியல் அறிவியல் வகுப்பெடுத்த காலம் முழுக்க மாணவர்களை இதைத்தான் செய்யச் சொன்னேன். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம், எதனால் சேர்ந்தார்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலும் ஒரே வரிதான் வரும். கல்லூரி மாணவனாக 1977-ல் நான் எழுதிய வரி: ‘நெருக்கடி நிலை, இந்திரா காந்தி.’ ஜனவரி 18-ல் தேர்தல் அறிவிப்பு, 23-ல் ஜனதா கட்சி. ஐந்தே நாளில் ஸ்தாபன காங்கிரஸ், ஜனசங்கம், பாரதிய லோக் தளம், சோஷலிஸ்டுகள் ஒரே மேடையில். பெரும்பாலான மாநிலங்களில் லோக் தளத்தின் ஏர் உழவன் சின்னத்திலேயே நின்றார்கள்.

வலது பக்கம், எதைப் பேசாமல் தள்ளிவைத்தார்கள் என்று எழுதுங்கள். இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஜனசங்கத்தினர் ஆர்.எஸ்.எஸ்.ஸிலும் தொடரலாமா? பிரதமர் நாற்காலி மொரார்ஜி தேசாய்க்கு என்றால் லோக் தளத் தலைவர் சரண் சிங்குக்கு என்ன? இரண்டுக்கும் பதில் இல்லாமலே பதவியேற்றார்கள்.

அடுத்து தலைக்கணக்கு. யார் விலகினால் ஆட்சி போகும்? ஜனதாவுக்கு 295 இடம், தேவை 272. எந்தப் பெரிய அணி வெளியேறினாலும் ஆட்சி காலி. 1967-ல் இங்கே தமிழ்நாட்டில் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தனியார் தொழிலை ஆதரித்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் தி.மு.க.வுடன் ஒரே அணியில் நின்றது கொள்கைப்படி இதைவிடப் பெரிய இடைவெளி. ஆனால் 234-ல் தி.மு.க.வுக்கே தனிப் பெரும்பான்மை இருந்தது. பிறகு ராஜாஜி விலகி, 1971-ல் காமராஜரோடு சேர்ந்தே தேர்தலைச் சந்தித்தார். அவர் விலகியதால் ஆட்சி கவிழவில்லை.

பிறகு மாதம் ஒருமுறை நோட்டைத் திறந்து, இடது பக்கத்து வேலை முடிந்துவிட்டதா என்று பாருங்கள். நெருக்கடி நிலையை இனி எளிதில் கொண்டுவர முடியாதபடி 44-வது அரசியலமைப்புத் திருத்தம் 1978-ல் நிறைவேறியது. அந்த ஆட்சியின் பெரும் சாதனை அது, நன்றியோடு நினைக்க வேண்டியது. அன்று இடது வரியைப் பென்சிலால் அடித்தேன். அதோடு பக்கத்தில் மிஞ்சியது வலது பக்கம் மட்டும். அந்த இரண்டு கேள்விகளிலும் கட்சி பிளந்து, 1979 ஜூலை 15-ல் மொரார்ஜி ராஜினாமா. யாரை எதிர்த்து ஒன்று கூடினார்களோ அந்த இந்திரா காந்தியின் ஆதரவிலேயே சரண் சிங் பிரதமரானார். அந்த ஆதரவும் பறிபோய், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ஆகஸ்ட் 20-ல் விலகினார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

வலது பக்கத்தை நினைவிலிருந்து எழுதாதீர்கள். 1989-ல் வி.பி. சிங் ஆட்சிக்கு பா.ஜ.க.வும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து ஆதரவு தந்தபோது நான் ‘அயோத்தி’ என்று மட்டும் எழுதினேன். தேசிய முன்னணியின் தேர்தல் அறிக்கையிலேயே இருந்த மண்டல், அதாவது பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு கேட்ட மண்டல் குழுப் பரிந்துரை, என் கண்ணில் படவில்லை. 1990 ஆகஸ்ட் 7-ல் மண்டல் அறிவிப்பு, செப்டம்பர் 25-ல் சோமநாதத்திலிருந்து அயோத்தியை நோக்கி பா.ஜ.க.வின் அத்வானி ரத யாத்திரை, பிறகு பா.ஜ.க. ஆதரவு வாபஸ், நவம்பர் 7-ல் 142-க்கு 346 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் தோல்வி. அதன்பின் ஒவ்வொரு கட்சியின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் கேட்டதில் மற்றவர் வாய் திறக்காத வரிகளைத் தேடி எடுத்துத்தான் வலது பக்கத்தை நிரப்புகிறேன்.